தீண்டாமைக்கு எதிராக எம்.எல்.ஏ.வைப் பேச வைப்பது எப்படி?

கலிஃபோர்னியா மாநில செனட்டர் ஆயிஷா வஹாப், பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் சாதியையும் வெளிப்படையாகச் சேர்க்க 2023-ல் எஸ்.பி. 403 மசோதாவைக் கொண்டுவந்தார். இரு அவைகளிலும் நிறைவேறியது. இருக்கிற சட்டமே போதும் என்று அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் ஒப்புதல் மறுத்துவிட்டார். தாராபுரத்திலோ அவிநாசியிலோ தீண்டாமை பற்றி எம்.எல்.ஏ.விடம் மனுவோடு போகிறவர்களுக்கும் இதே பதில்தான் கிடைக்கும்: "சட்டந்தான் இருக்குதுங்களே!" இங்கே அது உண்மை. ஆகவே எந்தப் பிரிவு எந்த இடத்தில் மீறப்படுகிறது என்று காட்டி, அதை மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒரு இடம், ஒரு வழக்கம், அவ்வளவுதான். "எங்க ஊர்ல தீண்டாமை இருக்கு" என்று பொதுவாக எழுதினால், தாசில்தாருக்குப் போய், வி.ஏ.ஓ.வுக்கு இறங்கி, டீக்கடைக்காரரையே விசாரித்து "அப்படி ஏதும் இல்லை" என்று கோப்பை மூடிவிடுவார்கள். கடை எங்கே இருக்கிறது, எந்தத் தேதி, எத்தனை மணி, யாருக்குக் கண்ணாடி டம்ளர், யாருக்குக் காகிதக் கப், கூட இருந்து பார்த்தவர் யார் என்பதை எழுதுங்கள்.

பிரிவையும் குறிப்பிடுங்கள். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட் ஏ), பொதுக் குழாய், சுடுகாடு, பாதை, கோயில், கடை, பொதுப் பயன்பாட்டுப் பாத்திரம் ஆகியவற்றில் தடுப்பதையும், செருப்புப் போடவோ வண்டி ஓட்டவோ விடாததையும் குற்றமாக்குகிறது. தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை.

இனி முக்கியமான இடம். இதே சட்டத்துக்கான 1995 விதிகளில் 17-வது விதிப்படி, மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கு ஆட்சியர் தலைவர், எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் உறுப்பினர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும். எம்.எல்.ஏ.விடம் "நடவடிக்கை எடுங்க" என்று மட்டும் சொன்னால் ஒரு போன் அழைப்போடு நின்றுவிடும். "அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாக வைத்துப் பேசுங்கள், பதிவு செய்யச் சொல்லுங்கள்" என்று மனுவிலேயே கேளுங்கள். அதே மனுவைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சீட்டு இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

பலர் சறுக்குவது அமைதிப் பேச்சுவார்த்தையில். இரு தரப்பையும் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கும் தாள் எஃப்.ஐ.ஆருக்கு ஈடாகாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18-ஏ பிரிவின்படி, வழக்குப் பதியும் முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை. விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி.; 60 நாளில் குற்றப்பத்திரிகை போடப்பட வேண்டும். பாதிக்கப்பட்டவரின் சாதிச் சான்றிதழ் நகலைக் கையில் வைத்திருங்கள். அதைத் தேடும் நாட்களில்தான் வழக்கு நழுவுகிறது.

தோட்டத்திலும் விசைத்தறியிலும் முன்பணம் வாங்கி வேலை செய்கிறவர் தனியாகக் கையெழுத்துப் போட்டால் மறுநாளே வேலை போகும். ஆகவே காலனி முழுவதும், முடிந்தால் ஊருக்குள் ஒத்துவருகிறவர்களும் சேர்ந்து போடுங்கள். வேலை மறுப்பது, மளிகை தர மறுப்பது போன்ற சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு 3(1)(இசட் சி)-யின்கீழ் தனிக் குற்றம்; நடந்தால் அதற்கும் தேதியோடு தனிப் புகார் கொடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கூட்டக் குறிப்பின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.