சைக்கிளோடு நின்றுவிடும் அடையாள அட்டை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடிகாலையில் சைக்கிள் ஓட்ட வரும் புதியவர்களிடம் அவசர அடையாள விவரம் இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலோர் இருக்கிறது என்கிறார்கள். எங்கே என்று கேட்கும்போதுதான் நாங்கள் அந்தக் காலத்தில் செய்த தவறுகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. ஹெல்மெட், விளக்கு பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சைக்கிளில் வைப்பது

இருக்கைக்கு அடியிலுள்ள பையில், பஞ்சர் ஒட்டும் சாமான்களோடு அட்டையையும் திணித்து வைக்கும் வழக்கம்தான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. 108 வண்டி ஆளை ஏற்றிச் செல்லும், சைக்கிளை ஏற்றாது. கோவளம் அருகே விழுந்து நினைவிழந்த ஒருவரின் பெயர், வீட்டு எண், இரத்தம் உறையாமலிருக்க அவர் உட்கொள்ளும் மாத்திரை ஆகிய அனைத்தும் அழகாக லேமினேட் செய்யப்பட்டு, டீக்கடைச் சுவரில் சாய்த்திருந்த சைக்கிளிலேயே இருந்தன. மருத்துவமனையில் அவர் ‘பெயர் தெரியாத ஆண்’. பெயர் தெரியாததால் சிகிச்சை நின்றுவிடாது. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கான தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வழி இருக்கிறது. ஆனால், தலைக்குள் இரத்தம் கசிகிறதா என்று பார்க்கும் மருத்துவருக்கு அந்த மாத்திரையைப் பற்றி முதலிலேயே தெரிந்தாக வேண்டும். தேறி வந்தவர் அதே அட்டையை அதே பையில் வைத்ததைப் பார்த்தபோது எனக்கு வாயடைத்துப் போயிற்று.

ஜெர்சியின் முதுகுப் பையும் முழு நம்பிக்கைக்கு உரியதன்று; சிகிச்சை அறையில் உடையைக் கத்தரித்து எடுப்பார்கள். ஹெல்மெட்டில் ஒட்டினால் அது சாலையோரத்திலேயே தங்கிவிடலாம். விவரம் பொறித்த மணிக்கட்டுப் பட்டையோ கழுத்துச் சங்கிலியோதான் ஆளோடு போகும்.

கைபேசியை மட்டும் நம்புவது

விழும்போது திரை உடையலாம், உடையாவிட்டாலும் பூட்டியிருக்கும். பூட்டைத் திறக்காமலே அவசரத் தகவலைக் காட்டும் வசதி ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் உண்டு. விவரங்களை நிரப்பிவிட்டு, பூட்டிய திரையில் அவை தெரிகின்றனவா என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரத்த வகையை மட்டும் எழுதுவது

இரத்தம் ஏற்றுமுன் மருத்துவமனையே பரிசோதித்துக்கொள்ளும். ஒவ்வாமை, நீரிழிவு, மருந்துகளை எழுதுங்கள்.

ஆதார் போதும் என்பது

அதில் மனைவியின் கைபேசி எண் இருக்காது.

பக்கத்தில் ஓட்டுபவரின் எண்ணைக் கொடுப்பது

இருவரும் சேர்ந்தே விழக்கூடும். வீட்டிலிருப்பவர், அதிகாலையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் எடுப்பவர் என இருவரின் எண்களைப் பொறியுங்கள்.