மித்ரி ஊராரின் வழக்கும் நாம் செய்யும் தவறுகளும்

கி.பி. 861, ஜூலை மாதம். இன்றைய பாரிஸ் விமான நிலையத்தை ஒட்டியுள்ள மித்ரி ஊரைச் சேர்ந்த 23 ஆண்களும் 18 பெண்களும் மன்னரின் கொம்பியேன் அரண்மனையில் முறையிட்டார்கள். அவர்கள் உழுத நிலம் செயின்ட் டெனிஸ் மடாலயத்துடையது. "நாங்கள் பிறப்பால் சுதந்திரமான குடிகள், மடத்துத் துறவி ஒருவர் எங்களை அநியாயமாக அடிமை ஊழியத்துக்கு வளைக்கப் பார்க்கிறார்" என்பது அவர்கள் வாதம்.

ஐரோப்பாவின் ஆரம்ப இடைக்கால உழவர்களைப் பற்றி எழுதும்போது நாம் சில தவறுகள் செய்கிறோம். அவர்கள் வாய் திறக்க முடியாமல் கிடந்தார்கள் என்று எழுதுவது முதல் தவறு. மித்ரி ஊரார் மன்னரின் வாசல்வரை போனார்கள். அதைக் கண்டு, நீதி எல்லோருக்கும் திறந்திருந்தது என்று முடிவுகட்டுவதும் தவறு. வழக்கில் இவர்கள் தோற்றார்கள்.

தோற்றது எப்படி என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மடம் கொண்டுவந்த சாட்சிகள் யாரோ பிரபுக்கள் அல்லர். அதே மித்ரியில் வாழ்ந்த 'கொலோனர்' என்னும் சுதந்திரக் குடிகள். முறையிட்டவர்களின் முன்னோர் அடிமை ஊழியமே செய்துவந்தார்கள் என்று அவர்கள் சத்தியம் செய்தார்கள். மடத்துக்கு அஞ்சினார்களா, அல்லது அடிமைகளும் தங்களோடு சமமாகிவிட்டால் தங்கள் மதிப்பு குறையும் என்று நினைத்தார்களா? இரண்டும் கலந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது. எப்படியிருந்தாலும், 'ஊர்' என்று ஒரே சொல்லில் சொல்லிக் கடக்கும்போது இந்தப் பிளவு மறைந்துபோகிறது. ஒரே ஊரின் வயல்களில் நின்றவர்களுக்குள்ளேயே மேல், கீழ் இருந்தது. அதிகாரத்தில் இருந்தவர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

எழுத்தை நடுநிலைச் சாட்சியாக எடுத்துக்கொள்வதும் கூடாது. 828-இல் அந்துவாஞே ஊர்க் குடிகள், தங்கள் நிலத்துக்கு உரிமையுள்ள கொர்மெரி மடத்தார் வழக்கத்துக்கு மீறி வாரம் (நிலத்துக்குத் தரவேண்டிய பங்கு) கேட்கிறார்கள் என்று, இன்றைய பிரான்சின் தென்மேற்கில் இருந்த அக்கித்தேன் நாட்டு மன்னர் பெப்பினிடம் முறையிட்டார்கள். மடத்தார் பழைய ஏடு ஒன்றை நீட்டினார்கள். இன்ன நிலத்துக்கு இன்ன வாரம் என்று அந்தக் குடிகளே முன்பு சத்தியம் செய்து சொன்னதாக அதில் எழுதியிருந்தது. அவர்களால் அதை மறுக்க முடியவில்லை. ஏட்டைப் பத்திரப்படுத்தும் பெட்டி மடத்தில்தான் இருந்தது. நமக்குக் கிடைக்கும் வழக்குகளில் பெரும்பாலும் மடமே ஜெயிப்பதற்கும் இது ஒரு காரணம்: ஜெயித்த தீர்ப்பைத்தானே காப்பாற்றி வைப்பார்கள்!

இன்னொன்று, எல்லா இடத்தையும் ஒரே அச்சில் வார்ப்பது. இன்றைய பிரான்சின் வடமேற்கு மூலையிலுள்ள பிரித்தானியின் கிழக்கில், 832-இல் தோன்றிய ரெதோன் மடத்தின் 9-ஆம் நூற்றாண்டுப் பட்டயங்களைப் பாருங்கள். அங்கே 'மக்தியேர்ன்' என்ற உள்ளூர்த் தலைவர் அவைக்குத் தலைமை தாங்கினாலும், தீர்ப்புச் சொன்னவர்களும் பிணை நின்றவர்களும் பெரும்பாலும் அக்கம்பக்கத்து உழவர்களே. இதைப் பொற்காலமாகவும் ஆக்கிவிடக் கூடாது. அவையில் முன்னே நின்றவர்கள் கொஞ்சம் வசதி படைத்த ஆண்கள். நிலத்தோடு சேர்ந்து கைமாறிய குடியாட்களின் பெயர்களும் அதே பட்டயங்களில்தான் இருக்கின்றன.