ஹர்லிங்: தலைக்கு மேல் வரும் பந்தைத் தடுக்கப் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி

மட்டையாலும் சின்னப் பந்தாலும் ஆடும் அயர்லாந்து ஆட்டமான ஹர்லிங்கின் கிளப் ஒன்றில் அங்கே பிள்ளையைச் சேர்த்துவிட்டு மைதானத்தின் ஓரமாக நின்றால் போதும், கொஞ்சம் கை கொடுங்களேன் என்று உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். அப்படி இறங்கி, இப்போது சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கும் அப்பா அம்மாக்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெண் பிள்ளைகள் ஆடும் கமோகிக்கும் இதேதான். தரையில் உருளும் பந்தை அடிப்பதும், மட்டையால் கோதி எடுப்பதும் பிள்ளைகளுக்குக் கொஞ்ச நாளில் பிடிபட்டுவிடும். உயரமாக வந்து இறங்கும் பந்துதான் சிக்கல். ஒன்று விலகிக்கொள்வார்கள், இல்லையென்றால் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மட்டையை வீசுவார்கள்.

இதை ஏன் தனியாகச் சொல்லித்தர வேண்டும் என்றால், பந்து கோல் கோட்டைத் தாண்டிய பிறகு ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கக் கோல்கீப்பர் நீளமாக அடிக்கும் பக்அவுட் பெரும்பாலும் எதிரணியின் 5, 6, 7 எண் தடுப்பாட்டக்காரர்களுக்கும் அவருடைய அணியின் 10, 11, 12 எண் தாக்குதல்காரர்களுக்கும் நடுவில்தான் வந்து விழும். அந்தப் பந்து யாருக்குக் கிடைக்கிறது என்பதிலேயே பாதி ஆட்டம் முடிவாகிவிடும். எல்லாப் பிள்ளைகளுக்கும் கில்கென்னி மாவட்ட அணியின் ஹர்லிங் வீரர் டி.ஜே. ரீட் மாதிரி ஒரு கையால் எட்டிப் பிடிக்க ஆசை. பிடிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிடிப்பதற்கு முன்பு தடுக்கத்தான் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம், ஏனென்றால் மட்டையை வைத்துப் பந்தை நிறுத்தத் தெரிந்த பிள்ளைக்கு உயரப் பந்தின் பயம் போய்விடுகிறது, பயம் போன பிறகு பிடிப்பது தானாக வரும்.

முதலில் சாமான்களைப் பாருங்கள். முகக்கம்பி வைத்த ஹெல்மெட் இல்லாமல் யாரும் ஒரு பந்துகூட ஆடக் கூடாது. 2010 முதல் பெரியவர்களுக்கே அது கட்டாயம். கம்பியை வளைத்தது, வார் அறுந்தது எதையும் அனுமதிக்காதீர்கள். மட்டையைப் பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இடுப்பெலும்பு உயரத்துக்குள் இருக்க வேண்டும். வளர்கிற பிள்ளைதானே என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கும் நம் பழக்கம் இங்கே உதவாது, நீளமான மட்டையைத் தலைக்கு மேல் தூக்கினால் மணிக்கட்டு தாங்காமல் ஆட ஆரம்பித்துவிடும். பெரியவர்கள் ஆடும் ஸ்லிட்டர் என்ற பந்து 110 முதல் 120 கிராம், கிரிக்கெட் பந்தைவிட எடை குறைவுதான், ஆனால் தையல் விளிம்பு புடைத்துக்கொண்டிருப்பதால் விரல் நுனியில் பட்டால் உயிர் போகும். சின்னவர்களுக்கு மெத்தென்ற பந்து கிடைக்கிறது, அதையே கொடுங்கள். இந்தப் பயிற்சிக்கு டென்னிஸ் பந்தில் தொடங்கினால் இன்னும் நல்லது.

அடுத்தது பிடிமானம். கிரிக்கெட் ஆடிப் பழகிய பிள்ளைகள் இங்கே கட்டாயம் தடுமாறுவார்கள், கவனித்துப் பாருங்கள். கிரிக்கெட்டில் வலக்கை ஆட்டக்காரரின் இடக்கைதான் கைப்பிடியில் மேலே இருக்கும். ஹர்லிங்கில் அது தலைகீழ்: பலமான கைதான் கைப்பிடியின் நுனியில் இருக்க வேண்டும், மற்றக் கை அதற்குக் கீழே வந்து சேரும். இதை முதல் நாளே சரிசெய்யாவிட்டால், தலைக்கு மேல் எட்ட வேண்டிய நேரத்தில் மற்றக் கையை விட்டவுடனேயே மட்டை பலவீனமான கையில் தொங்கும். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் இரண்டு கையாலும் தடுக்கட்டும். நெருக்கடியில் எட்ட வேண்டியிருந்தால் ஒரு கை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: மட்டை கீழிருந்து மேலே போக வேண்டும், பின்னாலிருந்து முன்னால் வரக் கூடாது. தடுப்பது என்றால் அடிப்பது இல்லை. மட்டையை உயர்த்திப் பந்து வரும் வழியில் நிறுத்துகிறோம், அவ்வளவுதான். மட்டையின் அகன்ற முனை மேலே, தட்டைப் பக்கம் பந்தைப் பார்த்தபடி, மேல் விளிம்பு பந்து வரும் பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். இந்தச் சாய்வில்தான் எல்லாம் இருக்கிறது. முன்னால் சாய்ந்திருந்தால் பந்து காலடிக்கு முன்னால் இறங்கும். செங்குத்தாக இருந்தால் வந்த வழியே எதிராளியிடம் போகும். பின்னால் சாய்ந்துவிட்டால் எகிறித் தலைக்குப் பின்னால் போய்விடும், அங்கே நம் கோல் இருக்கிறது.

முழங்கையை விறைப்பாக நீட்டக் கூடாது, கொஞ்சம் மடங்கியிருக்கட்டும். பந்து படும் நொடியில் பிடியைச் சற்றுத் தளர்த்தச் சொல்லுங்கள். இறுக்கிப் பிடித்தால் பந்து டக்கென்று தூரமாகத் தெறிக்கும், தளர்த்தினால் வேகம் செத்து அப்படியே கீழே விழும். சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும்: நல்ல தடுப்பின் சத்தம் மந்தமாக இருக்கும். இதைச் சொன்னால் பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு ஒருவர் தடுப்பதை இன்னொருவர் கவனிக்க ஆரம்பிப்பார்கள்.

நிற்கும் இடமும் முக்கியம். பந்து உச்சந்தலைக்கு நேர் மேலே இறங்கும் இடத்தில் போய் நின்றால் எந்தச் சாய்வும் உதவாது. அரை எட்டு பின்னால் நின்று, பந்து முகத்துக்கு முன்னால் இறங்கும்படி வைத்துக்கொண்டு, கடைசி எட்டைப் பந்தை நோக்கி எடுத்து வைக்க வேண்டும். பின்வாங்கிக்கொண்டே தடுக்கிற பிள்ளையால் பந்தைக் கட்டுப்படுத்தவே முடியாது.

பயிற்சியை இப்படி வளர்த்துக்கொண்டு போகலாம். முதலில் மட்டையே வேண்டாம். நீங்கள் தூக்கிப் போடும் டென்னிஸ் பந்தைப் பிள்ளை முகத்துக்கு முன்னால், தலை உயரத்தில், உள்ளங்கையால் தட்டிக் கீழே இறக்கட்டும். பந்தில் ஒரு எண்ணை எழுதி, அதைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொள்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. கண்ணைத் திற என்று கத்துவதால் ஒரு பயனும் இல்லை. அப்புறம் மட்டையைக் கையில் கொடுத்து, மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்று, கீழ்க்கையால் மெதுவாக எறியுங்கள். காலடிக்கு முன்னால் ஒரு வளையத்தைப் போட்டு, தடுத்த பந்து அதற்குள் விழ வேண்டும் என்று சொன்னால் சாய்வைப் பற்றி நீங்கள் விளக்கவே தேவையில்லை, தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். அது வந்த பிறகு தூரத்தைக் கூட்டுங்கள், பிறகு மட்டையால் அடித்து அனுப்புங்கள், பிறகு ஓடிவந்து தடுக்கச் சொல்லுங்கள். சுவர் இருந்தால் தனியாகவே பழகலாம், உயரமாக அடித்தால் திரும்பி வரும்.

தடுத்ததோடு நிற்கக் கூடாது, இதைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். தரையில் கிடக்கும் பந்தைக் கையால் நேரே எடுக்க விதி இடம் கொடுப்பதில்லை, மட்டையால்தான் எழுப்ப வேண்டும். கையில் பந்தோடு நான்கு எட்டுக்கு மேல் போகவும் முடியாது. அதனால் ஒவ்வொரு தடுப்புக்கும் பிறகு அடுத்த காரியம் ஒன்று இருக்க வேண்டும்: விழும் பந்தை மற்றக் கையால் ஏந்துவது, அல்லது குனிந்து கோதி எடுப்பது, அல்லது ஆள் நெருங்கிவிட்டால் தரையோடு தரையாக அடித்து விலக்குவது. வெறும் தடுப்பை மட்டும் பழக்கினால், ஆட்டத்தில் அழகாகத் தடுத்துவிட்டு நின்று வேடிக்கை பார்ப்பார்கள், பந்தை வேறொருவன் கொண்டுபோவான்.

கடைசியாகத்தான் எதிராளியைச் சேர்க்க வேண்டும், அதுவும் ஒரே உயரமுள்ள இருவரைச் சேர்த்து. இங்கே நீங்கள் கண்டிப்பாக இருந்தாக வேண்டும். எதிராளி பிடிக்கக் கையை உயர்த்தியிருக்கும்போது பின்னாலிருந்து மட்டையை வீசினால் பந்தில் படுவதற்கு முன் விரலில் படும். எதிராளியின் மட்டையின்மேல் வெட்டுவதுபோல் கீழ்நோக்கி இறக்குவதும் ஃபவுல். கீழிருந்து மேலே என்ற பழக்கம் ஊறியிருந்தால் இந்தத் தப்பு வராது, அதனால்தான் அதை ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டே இருக்கிறோம். முந்தி உயர்த்தியவனுக்கு இடம் கிடைக்கும், பிந்தியவன் தோளாலும் காலாலும் தன் இடத்தைக் காத்துக்கொண்டு விழும் பந்துக்குத் தயாராக வேண்டும். குள்ளமான பிள்ளைகள் சோர்ந்துபோனால் டாமி வால்ஷின் பழைய ஆட்டங்களைக் காட்டுங்கள். கில்கென்னிக்காக ஆடியவர், 2009-இன் சிறந்த ஹர்லிங் வீரர், அப்படியொன்றும் நெட்டையானவர் இல்லை, ஆனால் உயரப் பந்தில் அவரை வெல்வது பெரும்பாடு.

மூன்றுக்கு மூன்று என்று சின்ன ஆட்டம் வைத்து, தடுத்த பந்தைத் தன் அணியே எடுத்தால் ஒரு புள்ளி கூடுதல் என்று சொல்லிப் பாருங்கள். தடுப்பவனைச் சுற்றி மற்ற இருவரும் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தாங்களே பேசி முடிவுசெய்வார்கள். மழை நாளில் இந்தப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். அயர்லாந்தில் ஆட்டம் மழைக்காக நிற்காது, ஈரப் பந்து கையில் வழுக்கும், அன்றைக்குத்தான் பிடிப்பதைவிடத் தடுப்பது அதிகம் தேவைப்படும். கைப்பிடியைத் துடைக்க ஒரு பழைய துண்டை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.