கணினியிலிருந்து கன்சோலுக்கு வீட்டுக் காணொளிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்காக வாங்கிய பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ போன்ற விளையாட்டுக் கன்சோல் இருக்கும் வீடுகளில், பெரும்பாலும் கணினி ஒன்றும், அதற்குள் கல்யாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த காணொளிகளும் இருக்கும். அக்காணொளிகளை வீட்டு வலையமைப்பின் வழியாகக் கன்சோலுக்கு அனுப்பி, விறாந்தையில் எல்லோரும் கூடியிருந்து பெரிய திரையில் பார்க்கலாம். ஆனால் முதல் முயற்சியில் படம் விட்டுவிட்டு ஓடியதும், இணைய வேகம் போதாது என்று முடிவுகட்டிக் கூடுதல் விலையுள்ள இணைப்புக்கு மாறுபவர்களே அதிகம்.

அந்தச் செலவு வீண். கணினியிலுள்ள காணொளி ரவுட்டருக்குச் சென்று, அங்கிருந்து கன்சோலுக்கு வருகிறது. அது வீட்டுப் படலையைத் தாண்டுவதே இல்லை. இணைய இணைப்பு முற்றாக அறுந்த நாளிலும் இது வேலை செய்யும், மாதாந்த டேட்டாவிலும் ஒரு துளி குறையாது. சாதாரணப் புளூரே தட்டில் உள்ள படத்துக்கே உச்சமாக விநாடிக்கு 40 மெகாபிட் போதும் என்னும்போது, 100 மெகாபிட் தாங்கும் சாதாரண வலையமைப்புக் கேபிள் எந்தக் குடும்பக் காணொளியையும் தாராளமாகச் சுமக்கும்.

கன்சோலில் கணினியின் பெயரே தோன்றவில்லை என்பது அடுத்த முறைப்பாடு. கொக்குவிலில் என் சித்தப்பா வீட்டில் இதற்காக, கணினியிலுள்ள காணொளிகளைக் கன்சோலுக்கு அனுப்பும் மீடியா சேர்வர் மென்பொருளை மூன்று தடவை அழித்து மீண்டும் நிறுவியிருந்தார்கள். நான் போய் இரண்டு கருவிகளின் ஐபி முகவரிகளையும் (வலையமைப்பு ஒவ்வொரு கருவிக்கும் தரும் எண்கள்) பார்த்தபோது, கணினியில் 192.168.1.5 என்றும் கன்சோலில் 192.168.8.103 என்றும் இருந்தது. ஃபைபர் இணைப்பு அறுந்தால் உதவட்டும் என்று வைத்திருந்த 4ஜி ரவுட்டரில் கன்சோலும், ஃபைபர் ரவுட்டரில் கணினியும் இணைந்திருந்தன. அடுத்தடுத்த மேசைகளில் இருந்தாலும் அவை இரண்டு வேறு வலையமைப்புகள்; ஒன்று கூப்பிடுவது மற்றதற்குக் கேட்காது. ஆகவே எந்த மென்பொருளிலும் கைவைக்கும் முன்னர் முகவரிகளின் முதல் மூன்று எண்களும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். விருந்தினருக்கென்று திறந்துவிட்ட வைஃபையில் கன்சோலை இணைத்தாலும் இதே நிலைதான். விண்டோஸில் வீட்டு வைஃபையை ‘பப்ளிக்’ என்று குறித்திருந்தாலும், வெளித் தொடர்புகளைத் தடுக்கும் ஃபயர்வோல் கணினியை மறைத்துவிடும். அதனை ‘பிரைவேட்’ என்று மாற்ற வேண்டும். அதைவிட்டு ஃபயர்வோலையே முழுமையாக அணைத்துவிடுவது பெருந்தவறு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

புதிய கன்சோல் பழையதைவிட எல்லாம் செய்யும் என்று எண்ணுவதும் ஏமாற்றத்தில் முடியும். 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3, அடுத்த ஆண்டே, வீட்டு வலையமைப்பில் கருவிகள் கோப்புகளைப் பகிரும் டிஎல்என்ஏ முறையில் கணினியிலுள்ள படங்களைக் காட்டத் தொடங்கிவிட்டது. 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4இற்கு அந்த வசதி 2015இல் மீடியா பிளேயர் செயலி வெளியான பின்னரே கிடைத்தது. பிளேஸ்டேஷன் 5இல் அது இல்லை. கணினியில் பிளெக்ஸ் என்ற மீடியா சேர்வரை நிறுவி, கன்சோலில் பிளெக்ஸ் செயலியைப் போட்டே பார்க்க வேண்டும். எக்ஸ்பாக்ஸில் விஎல்சி, பிளெக்ஸ் என்று தெரிவுகள் கூடுதல்.

தடித்த சுண்ணாம்புச் சுவர்கள் கொண்ட பழைய வீடுகளில் வைஃபையை மட்டும் நம்புவதையும் நான் தவறாகவே கருதுகிறேன். முன் அறையில் ரவுட்டரும் பின் அறையில் கன்சோலும் இருந்தால், இடையிலுள்ள இரண்டு சுவர்களே அலையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். முதல் வடிவப் பிளேஸ்டேஷன் 4இற்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும். அயல் வீடுகளின் ரவுட்டர்களும் அதே அலைவரிசையில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். கேபிள் இழுக்க ஒரு பகல் வேலை போதும். கணினி, கன்சோல் இரண்டுக்கும் இழுக்க முடியாவிட்டால் ஒன்றுக்காவது இழுங்கள், வைஃபையின் சுமை பாதியாகும்.

இனிக் கோப்புகளுக்கு வருவோம். உண்மையான சிக்கல்கள் இங்கேதான் உள்ளன. எம்பி4, எம்கேவி என்பவை பெட்டிகளின் பெயர்கள் மட்டுமே. பெட்டிக்குள் படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதே கன்சோலுக்கு முக்கியம். பிளேஸ்டேஷன் 4 மீடியா பிளேயர் எச்.264 என்ற சுருக்க முறையிலுள்ள படத்தைக் காட்டும். ஹெச்இவிசி என்ற புதிய சுருக்க முறையிலுள்ள படத்தைக் காட்டாது. 2017 முதல் ஐபோன்கள் ஹெச்இவிசி முறையிலும் பதிவதால், ரொறன்ரோவிலிருந்து மாமி அனுப்பிய காணொளி கைபேசியில் ஓடியும் தொலைக்காட்சியில் ஓடாமற் போகிறது. பிளெக்ஸ் போன்ற சேர்வர்கள் அவ்வேளையில் படத்தை உடனுக்குடன் மாற்றி அனுப்ப முயலும். பழைய மடிக்கணினியால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. மின்விசிறி இரைய, படம் நின்று நின்று ஓடும், பழி வைஃபையின் மேல் விழும். ஆகவே அடிக்கடி பார்க்கும் காணொளிகளை ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளால் ஒரே தடவை எச்.264 முறைக்கு மாற்றிவைப்பதே நல்லது.

அப்படி மாற்றும்போதும் ஒரு பிழை மிகச் சாதாரணமாக நடக்கிறது. இலங்கை ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையைப் பின்பற்றுவதால், இங்கு எடுக்கப்பட்ட பழைய காணொளிகளில் விநாடிக்கு 25 படங்களே உள்ளன. அமெரிக்க வழக்கப்படி 30 என்று தெரிவுசெய்தால், தவில்காரரின் கை துள்ளித் துள்ளி அசைவதுபோலத் தெரியும். மூலத்தில் உள்ளபடியே விடுங்கள். பழைய கமராக்கள் ஒவ்வொரு படத்தையும் ஒருவிட்டொரு வரியாக இரண்டு பாதிகளாகப் பதிந்தன. அப்பாதிகளைச் சேர்க்கும் ‘டீஇன்டர்லேஸ்’ தெரிவை இயக்காவிட்டால், மணமகள் தலை திருப்பும்போது முகத்தின் ஓரம் சீப்புப் பற்கள்போலக் கிழிந்து தெரியும்.

ஸ்டூடியோக்கள் தந்த டிவிடி இறுவட்டுகளைக் கணினியில் அப்படியே பிரதிசெய்பவர்களுக்கு வேறொரு சிக்கல். டிவிடியில் படம் 1 கிகாபைட் அளவுள்ள விஓபி கோப்புகளாகத் துண்டு துண்டாக இருக்கும். என் பெற்றோரின் பழைய கசெற்றிலிருந்து மாற்றிய இறுவட்டை நான் முதலில் அப்படித்தான் பிரதிசெய்தேன். கெட்டிமேளம் தொடங்கி, அப்பாவின் கை தாலியோடு உயரும் இடத்தில் முதல் துண்டு முடிந்து, திரை கறுத்து, கன்சோல் கோப்புப் பட்டியலுக்குத் திரும்பிவிட்டது. மேக்எம்கேவி என்ற மென்பொருள் முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்துத் தருகிறது. அதிலுள்ள படம் டிவிடியின் பழைய சுருக்கத்திலேயே இருக்கும் என்பதால், பின்னர் ஹேண்ட்பிரேக்கிலும் இட்டு எடுக்க வேண்டும்.

தமிழ் வசன வரிகளைச் சேர்ப்பவர்கள் கோப்பை, தமிழ் எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 குறியீட்டு முறையில் சேமிக்க வேண்டும். தமிழ் எழுத்துரு இல்லாத கருவியில் அப்போதும் வெற்றுக் கட்டங்களே தோன்றும்; வரிகளைப் படத்திலேயே பதித்துவிட்டால் அக்கவலை இல்லை.

கணினி சில நிமிடங்களில் தானாக உறங்கும்படி விடப்பட்டிருந்தால் படம் நடுவில் நிற்கும். அந்த அமைப்பை நிறுத்திவையுங்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கில் கோப்புகளை வைத்திருப்போர், கோப்பு எழுதப்படும்போது மின்சாரம் தடைப்பட்டால் டிஸ்க் பழுதாகலாம் என்பதால், மின்தடையின்போது சற்று நேரம் மின்சாரம் தரும் சிறிய யூபிஎஸ் ஒன்றையாவது இணைத்திருக்க வேண்டும்.

மாற்றிய கோப்பு நன்றாக ஓடுகிறது என்று மூலத்தை அழித்துவிடுவதே இவை எல்லாவற்றிலும் மோசமான தவறு. ஒவ்வொரு மாற்றத்திலும் படத்தின் நுணுக்கம் சிறிது இழக்கப்படுகிறது. இழந்ததை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. மூலக் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் பிரதியெடுத்து, முடிந்தால் அந்த டிஸ்க்கை வேறொரு வீட்டில் வையுங்கள். எங்கள் வீட்டு மூலங்கள் இப்போது சித்தப்பாவின் அலுமாரியில் இருக்கின்றன. அவருடையவை எங்களிடம் இருக்கின்றன.