வாடாமல்லி வளையம் கட்டுவது எப்படி?

மலர் வளையம் என்றாலே நம் ஊரில் இழவு வீடுதான் நினைவுக்கு வரும். வெள்ளைப் பூவும் அடர்ந்த பச்சை இலையும் சேரும்போதுதான் அந்தச் சாயல் வருகிறது. ஊதா வாடாமல்லி, சிவப்புக் கோழிக்கொண்டை, வைக்கோலின் பொன்னிறம் என்று எடுத்துக்கொண்டால் வீட்டுச் சுவருக்கு அது முழுக்க மங்கலமான அலங்காரம். சாமந்தியும் ரோஜாவும் நம் வெயிலில் ஒரு நாள் தாங்கினாலே பெரிது. வாடாமல்லி மாதக்கணக்கில் நிற்கும். உருண்டையில் நிறமாகத் தெரிவது இதழே இல்லை, காகிதம் போன்ற செதில்கள். உண்மையான பூ, செதில்களுக்கு நடுவே எட்டிப் பார்க்கும் குட்டி நட்சத்திரம். செதிலில் ஈரம் குறைவு என்பதால் காய்ந்தாலும் அது சுருங்குவதில்லை.

தேவையானவை: காம்போடு சுமார் 270 பூ (240 போதும், மீதி உடைசலுக்கு), 3 மி.மீ. கம்பி 85 செ.மீ., இரண்டு பிடி வைக்கோல், சணல் கயிறு 5 மீட்டர், 26 கேஜ் மெல்லிய கம்பி 20 மீட்டர். சந்தையில் கிடைப்பது உதிரிப்பூ. ஓணத்துக்குக் குமரி மாவட்டத் தோவாளைப் பூச்சந்தையிலிருந்து கேரளாவுக்குப் போவதும் அப்படித்தான். காம்பில்லாத பூ இந்த முறைக்கு ஆகாது. தொட்டியில் வளர்த்துக்கொள்ளுங்கள், அல்லது தோட்டக்காரரிடம் காம்போடு அறுத்துத் தரச் சொல்லுங்கள்.

காய வைத்தல்

கெட்டுப்போகும் வளையங்களில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்திலேயே கெட்டுவிடுகின்றன. பனி உலர்ந்த பிறகு, நன்கு விரிந்து உருண்ட பூவாக, 20 செ.மீ. காம்போடு வெட்டுங்கள். முற்றி நீண்டுபோன பூவை விட்டுவிடுங்கள். அதன் அடிச்செதில் உதிரத் தொடங்கியிருக்கும், காய்ந்தபின் தொட்டாலே கொட்டும். இலைகளை உருவிவிட்டு, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். நூலால் கட்டினால் காம்பு சுருங்கும்போது கட்டு தளர்ந்து பூ நழுவி விழும். ரப்பர் கூடவே இறுகும். தலைகீழாகத் தொங்கினால்தான் காம்பு நேராகக் காயும்.

இடம் இருட்டாகவும் காற்றோட்டமாகவும் இருக்க வேண்டும். அவசரப்பட்டு மொட்டைமாடி வெயிலில் போட்டால் ஊதா வெளிறிவிடும். இரண்டு, மூன்று வாரம் கழித்து, பூவுக்குச் சற்றுக் கீழே காம்பை வளைத்துப் பாருங்கள். ‘டக்’கென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. வளைந்து கொடுத்தால் இன்னும் சில நாள் தொங்கட்டும். கோழிக்கொண்டை தடிமன் என்பதால் கூடுதல் நாள் பிடிக்கும்.

வளையம்

கம்பியை 25 செ.மீ. விட்டத்துக்கு வளைத்து, முனைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கட்டுங்கள். வைக்கோலில் லேசாகத் தண்ணீர் தெளித்துக் கம்பியைச் சுற்றி 3 செ.மீ. தடிமனுக்குப் பொதிந்து, 2 செ.மீ.க்கு ஒரு சுற்றாகச் சணலை இறுக்கிச் சுற்றுங்கள். ஒரு நாள் முழுக்க வெயிலில் உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் உள்ளிருந்தே பூசணம் பிடிக்கும். பொங்கல் சமயத்தில் கிடைக்கும் புது வைக்கோலின் நிறம் தனி அழகு.

கட்டுதல்

காம்பை 8 செ.மீ.க்கு நறுக்குங்கள். வளையத்தின் உள்விளிம்பில் 3 பூ, மேலே 4, வெளிவிளிம்பில் 5 என்று மூன்று கொத்து வைத்தால் அது ஒரு வரிசை. வெளிச்சுற்று நீளம் அதிகம். எல்லாக் கொத்தையும் ஒரே அளவில் வைத்தால் வெளிப்புறம் இடைவெளி விழுந்து வைக்கோல் பல்லிளிக்கும்.

மெல்லிய கம்பியின் முனையை வளையத்தில் முடிந்துவிட்டு, ஒவ்வொரு கொத்துக்கும் காம்பின்மேல் இரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றையும் வளையத்தின் பின்பக்கம் கொண்டுபோய் இழுத்து இறுக்குங்கள், முன்பக்கம் இழுத்தால் காம்பு நொறுங்கும். கம்பியை நடுவில் வெட்டவே கூடாது. வெட்டினால் அதுவரை கட்டியது எல்லாம் தளரும். அடுத்த வரிசைப் பூக்கள் முந்தைய வரிசையின் காம்பை மறைக்கும்படி 4 செ.மீ. தள்ளி வையுங்கள். எல்லாத் தலைகளும் ஒரே திசை பார்க்கட்டும். இப்படி 20 வரிசை வரும். கோழிக்கொண்டையை நான்கைந்து வரிசைக்கு ஒன்றாக, நடுக்கொத்தில் செருகினால் போதும், அதற்கு மேல் போனால் கனம் ஒரு பக்கம் சாயும்.

கடைசி வரிசைதான் பழகாத கையைச் சோதிக்கும். முதல் வரிசைப் பூக்களை விரலால் மெல்லத் தூக்கிப் பிடித்து, கடைசிக் காம்புகளை அடியில் நுழைத்துக் கட்டுங்கள். விட்டதும் பூக்கள் மேலே படிந்து, தொடக்கம் எது முடிவு எது என்று தெரியாது. கம்பியைப் பின்னால் முறுக்கி, அதிலேயே மாட்டும் வளையமும் செய்துவிடுங்கள்.

நெற்கதிர் சேர்க்க ஆசை இருந்தால் வளையத்தை வீட்டுக்குள் மாட்டுங்கள். வாசலில் மாட்டினால் சிட்டுக்குருவி கொத்திப் பிரித்துவிடும். தூசியை மென்மையான தூரிகையால் தட்டுங்கள், தண்ணீர் படக்கூடாது. ஐப்பசி மழை தொடங்கும் முன் கழற்றி, செய்தித்தாளில் பொதிந்து அட்டைப்பெட்டியில் வைத்தால் தை மாதம் அப்படியே எடுத்து மாட்டலாம்.