போனில் பாடம் நடத்தத் தொடங்குகிறீர்களா? வன்னியில் இருந்து ஒரு செய்முறை

ஒன்லைனில் படிப்பிப்பது என்றதும் எல்லோரும் முதலில் சூமைத்தான் இறக்குகிறார்கள். நான் சொல்வது அதற்கு எதிர்ப்பக்கம். துணுக்காய், ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறீர்கள் என்றால் நேரலை வகுப்பைக் கடைசிக்கு வையுங்கள். பல வீடுகளில் இருப்பது ஒரே ஒரு நல்ல போன், அது காலையில் அப்பாவோடு வயலுக்கோ கடலுக்கோ அம்மாவோடு கார்மென்ட்ஸுக்கோ போய் இருட்டும் நேரம்தான் வீடு திரும்பும். காலை 10 மணிக்கு நீங்கள் நடத்தும் வகுப்பு அந்தப் பிள்ளைக்கு இல்லாத வகுப்பு. அந்தப் போன் வீட்டுக்கு வரும்வரை காத்திருக்கிற பாடம்தான் நமக்கு வேண்டும், அதாவது வட்ஸ்அப்பில் படமும் குரல் பதிவுமாக அனுப்பும் பாடம். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது இதை யோசிக்க நேரம் இருக்கவில்லை, இப்போது இருக்கிறது. மாரியில் குளம் வான் பாய்ந்து பாதை மூடினால், சாதாரண தரப் பரீட்சைக்கு முன் மீட்டல் வேண்டுமென்றால், இதே முறை கைகொடுக்கிறது.

வட்ஸ்அப் எப்படிப் போடுவது, குழு எப்படித் தொடங்குவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு தாள்

வகுப்பில் இருக்கும்போதே ஒரு தாளைக் கொடுத்து நாலு கேள்வி கேளுங்கள். போன் யாருடையது, எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கும், எந்த சிம், சிக்னல் வீட்டுக்குள் கிடைக்குமா அல்லது ஒழுங்கைக்கு வர வேண்டுமா. அதே போனில் அண்ணனோ தங்கையோ படிக்கிறார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். இலக்கங்களைச் சேமிக்கும்போது பிள்ளையின் பெயரையும் தரத்தையும் போட்டுச் சேமியுங்கள், இல்லாவிட்டால் அனுப்பப்படும் கொப்பிப் படம் யாருடையது என்று தேடியே பின்னேரம் போய்விடும்.

குழுவைப் பற்றி ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். சாதாரண வட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரியும். பெண்பிள்ளைகளின் தாய்மார் இதனாலேயே சேரத் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கம் நியாயமானது. அதனால் நான் வட்ஸ்அப்பிலேயே கம்யூனிட்டி (பல குழுக்களை ஒன்றாக வைக்கும் வசதி) ஒன்றைத் தொடங்கி அதற்குள் இருக்கும் அறிவிப்புக் குழுவைத்தான் பயன்படுத்துகிறேன். அதில் நிர்வாகி மட்டும்தான் பதிவு போட முடியும், உறுப்பினர்களுக்கு ஒருவர் இலக்கம் மற்றவருக்குத் தெரியாது, 'குட் மோர்னிங்' படங்களுக்கு நடுவில் பாடம் தொலைவதும் இல்லை.

பாடத்தைச் செய்வது: படமும் குரலும்

இதுதான் முக்கியமான இடம், மெதுவாக வாசியுங்கள்.

வீடியோ வேண்டாம். பத்து நிமிட வீடியோ பல பத்து எம்பி பிடிக்கும், அனுப்பும்போது வட்ஸ்அப் அதை நசுக்கிவிடுவதால் சின்னதாக எழுதிய எழுத்தும் மங்கிவிடும். அதே பாடத்தை நாலு படமும் நாலு குரல் பதிவுமாகச் செய்தால் மொத்தம் மூன்று, நாலு எம்பிக்குள் அடங்கும். இன்னொரு நன்மையும் இருக்கிறது: வட்ஸ்அப்பில் குரல் பதிவு தானாகவே இறங்கிவிடும், வீடியோ அப்படியல்ல, பல போன்களில் தட்டித்தான் இறக்க வேண்டும். ஒழுங்கையில் சிக்னல் கிடைத்த இரண்டு நிமிடத்தில் குரல் வந்து சேர்ந்துவிட்டால் பிள்ளை வீட்டுக்குள் போய் சிக்னல் இல்லாமலே கேட்கலாம்.

வட்டத் தேற்றம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம், ஒரு வில் மையத்தில் எதிரமைக்கும் கோணம் அதே வில் மிகுதிப் பரிதியில் எதிரமைக்கும் கோணத்தின் இருமடங்கு என்பது. முதல் தாளில் வட்டமும் வில்லும் மட்டும். இரண்டாவதில் மையக் கோணம் சேரும். மூன்றாவதில் பரிதிக் கோணம். நாலாவதில் ஒரு கணக்கு, விடை இல்லாமல். கோடில்லாத வெள்ளைத் தாளில், தடித்த கறுப்புப் பேனையால், கரும்பலகையில் எழுதுவதுபோல் பெரிதாக எழுதுங்கள். ஒரு தாளில் ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம், சின்னத் திரையில் வாசிக்கப்போகும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். படத்தைக் காலையில் யன்னலோரம் எடுங்கள். பல்ப்புக்குக் கீழே நின்று எடுத்தால் உங்கள் கையின் நிழல் தாளில் விழும். ஸ்கான் செய்ய விரும்பினால் கூகுள் டிரைவிலேயே அந்த வசதி இருக்கிறது, விளம்பரங்கள் துள்ளிக்கொண்டு வரும் தனி ஆப்கள் எதுவும் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

இனிப் பலரைத் தடுமாற வைக்கும் இடம். நாலு படத்தையும் ஒன்றாகத் தெரிவு செய்து அனுப்பிவிட்டு, பிறகு நாலு குரலையும் அனுப்பினால் எந்தக் குரல் எந்தப் படத்துக்கு என்று பிள்ளைக்கு விளங்காது. சிக்னல் குறைந்த இடத்தில் அனுப்பினால் வரிசையும் மாறிப் போகலாம். எனக்கு வேலை செய்த வழி இது: ஒவ்வொரு தாளின் மூலையிலும் பெரிதாக 1, 2, 3 என்று இலக்கம் போடுங்கள். படங்களைத் தனித்தனியாக அனுப்புங்கள். முதல் படம் போனதும் அந்தப் படத்தை வலப்பக்கம் விரலால் இழுங்கள், 'பதில்' பெட்டி திறக்கும், அப்படியே மைக்கை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், கையை எடுத்துவிட்டுப் பேசலாம். இப்போது அந்தக் குரல் அந்தப் படத்தோடு ஒட்டியே போகும், பிள்ளை குரலின் மேலே தெரியும் சிறு படத்தைத் தட்டினால் உரிய தாளுக்கே போய் நிற்கும். குரலின் தொடக்கத்திலும் "இது இரண்டாவது படம்" என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு குரலும் இரண்டு, மூன்று நிமிடம் போதும். முடிவில் "இங்கே நிறுத்தி, கொப்பியில் வட்டத்தைக் கீறிவிட்டு அடுத்ததைத் திறவுங்கள்" என்று சொல்லுங்கள். வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை, கை அசையத் தொடங்கினால்தான் பாடத்துக்குள் வருகிறது.

மழை நேரத்தில் தகரக் கூரைக்குக் கீழே பதிவு செய்யாதீர்கள். போனை வாயருகே பிடித்தாலும் மழைச் சத்தம்தான் முன்னால் நிற்கும்.

கொப்பியைத் திருத்துவது

விடையை உங்கள் இலக்கத்துக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். எல்லோரும் பார்க்கும் இடத்துக்கு வேண்டாம், ஒருவர் போட்டதை மற்றவர் பார்த்து எழுதுவது ஒருபுறம், பிழை விட்ட பிள்ளை அடுத்தமுறை அனுப்பாமலே விடுவது மறுபுறம். பக்கத்தின் மேல் பெயரும் பாட இலக்கமும் இருக்க வேண்டும். இதற்கு வட்ஸ்அப் பிஸ்னஸ்தான் நல்லது, அதுவும் இலவசம்தான், ஒவ்வொரு உரையாடலுக்கும் 'திருத்தியாயிற்று', 'திரும்பச் செய்ய வேண்டும்' என்று வண்ண லேபிள் ஒட்டலாம். படிப்பிக்கவென்று தனி சிம் ஒன்று வைத்திருந்தால் உங்கள் வீட்டு நேரமும் தப்பும்.

திருத்தும்போது பிள்ளை அனுப்பிய படத்தைத் திறந்து, பென்சில் அடையாளத்தைத் தட்டி, சிவப்பில் கோடு போட்டு அதையே திருப்பி அனுப்புங்கள். விடையை எழுதிக் கொடுக்காதீர்கள், முதல் பிழை வந்த வரியை மட்டும் வட்டமிடுங்கள், அதற்குக் கீழே உள்ளதைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும். கூடவே பெயரைச் சொல்லி ஒரு சிறிய குரல்: "மூன்றாவது வரி வரைக்கும் நல்லாச் செய்திருக்கிறீங்கள், அடுத்த வரியில் இருமடங்கை ஒருக்காப் பாருங்கோ." கூட்டத்தோடு கூட்டமாகப் பாடம் கேட்கும் பிள்ளைக்குத் தன் பெயர் சொல்லி ரீச்சர் பேசுவது பெரிய விஷயம். எல்லாக் கொப்பியையும் தினமும் திருத்த முடியாது, நாளுக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொண்டாலும் ஒருவரையும் விடாதீர்கள்.

சூம் எப்போது?

வாரத்துக்கு ஒருமுறை, இரவு 7 மணிக்குப் பிறகு, சந்தேகம் கேட்க மட்டும். இலவசக் கணக்கில் 40 நிமிடம் கிடைக்கும், அது போதும். எல்லோருடைய வீடியோவையும் நிறுத்திவிடுங்கள். முகம் காட்டி நடத்தும் வகுப்பு ஒரு மணித்தியாலத்துக்கு அரை ஜிபிக்கு மேலே போகலாம், குரலும் நீங்கள் பகிரும் திரையும் மட்டும் என்றால் 100 எம்பிக்குள் நிற்கும். காத்திருப்பு அறையைப் போட்டுவையுங்கள். உள்ளே வருபவர் பெயர் போன் மொடலாக இருந்தால் பிள்ளையின் பெயரைக் கேட்டு உறுதி செய்த பிறகே எடுங்கள்.

பிறகு சேர்த்தது

விசுவமடுவில் இருந்து ஒரு ஆசிரியை, தான் அனுப்பும் யூடியூப் லிங்கும் கூகுள் போர்ம் படிவமும் சில பிள்ளைகளுக்குத் திறக்கவே இல்லை என்று எழுதியிருந்தார். அந்தப் போன்களில் வட்ஸ்அப்புக்கு மட்டும் வேலை செய்யும் பக்கேஜ் போட்டிருக்கும், லிங்கைத் தட்டியதும் வெளியே போவதால் டேட்டா இல்லை என்று நின்றுவிடும். அதனால் எதையும் லிங்காக அனுப்பாதீர்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலும் பாடநூல்கள் தமிழில் இருக்கின்றன, தேவையான பக்கங்களை நீங்களே இறக்கி, அந்தப் பக்கங்களை மட்டும் படமாக அனுப்புங்கள். சிறு பரீட்சைக்கு வட்ஸ்அப்பின் வாக்கெடுப்பே போதும்.

போனே இல்லாத பிள்ளைகளைப் பற்றிப் பலர் கேட்டார்கள். அந்த நாலு தாளையும் போட்டோக்கொப்பி எடுத்து, குரலில் சொன்னதைப் படத்துக்குக் கீழே இரண்டிரண்டு வரியாக எழுதி, பெயர் போட்ட உறையில் பிள்ளையின் வீட்டுக்குக் கிட்ட உள்ள கடையிலோ முன்பள்ளியிலோ திங்கட்கிழமை கொடுத்துவையுங்கள். செய்து முடித்த தாளை அதே உறையில் வைத்து வெள்ளிக்கிழமைக்குள் அங்கேயே கொடுக்கச் சொல்லுங்கள். போட்டோக்கொப்பிச் செலவைப் பழைய மாணவர் சங்கத்திடம் கேட்டுப் பாருங்கள்.