ஐப்பசி மழையில் கறுப்பு மிட்டாய் ஆப்பிள்

அக்டோபர் 31ஆம் நாள் மேலை நாடுகளில் கொண்டாடப்படும் ஹாலோவீன், நவம்பர் 1ஆம் நாள் வரும் அனைத்துப் புனிதர் பெருவிழாவுக்கு முந்திய இரவு. நவம்பர் 2ஆம் நாள் நமக்குக் கல்லறைத் திருநாள். பேய் வேடமிட்டுக்கொள்ளும் அந்த ஒரு மாலைக்காக கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் மறையூர், காந்தலூர்ப் பகுதித் தமிழ்க் குழந்தைகள் சில ஆண்டுகளாகக் கறுப்பு நிறச் சீனிப்பாகு பூசிய மிட்டாய் ஆப்பிளும் கேட்கிறார்கள். அமெரிக்காவின் நியூவார்க் நகரில் 1908ஆம் ஆண்டு மிட்டாய் வியாபாரி ஒருவர் சிவப்புப் பாகில் ஆப்பிளை முக்கியெடுத்துக் கடையில் வைத்ததுதான் இதன் தொடக்கம் என்று சொல்லப்படுகிறது. அந்த ஊரின் இலையுதிர் காலம் வறண்ட குளிர்காற்றுடையது; நமக்கோ அது மலையாளிகள் துலாவர்ஷம் என்று அழைக்கும் ஐப்பசி மழைக்காலம். ஆகவே இந்தப் பண்டத்தை இங்கே செய்வதில் உள்ள பெரும்பாலான கவனம் ஈரத்தைத் தவிர்ப்பதிலேயே செல்கிறது.

எட்டுச் சிறிய ஆப்பிள்களுக்கு 400 கிராம் சீனி, 180 மில்லி தண்ணீர், 120 மில்லி திரவ குளுக்கோஸ், அரைத் தேக்கரண்டி கறுப்பு ஜெல் நிறம் ஆகியவை போதும். எல்லையைத் தாண்டி வந்து வாங்குவோருக்கு ஒரு சொல்: இங்குள்ள கடைகளில் சர்க்கரை என்றால் வெல்லத்தை எடுத்துத் தருவார்கள்; வெள்ளைச் சீனிக்குப் பஞ்சசார என்று கேட்க வேண்டும். நிறத்தை வாங்கும்போது, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண் புட்டியில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். கறுப்புக்காகக் கரித்தூள் சேர்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது உட்கொள்ளும் மருந்துகளையும் உறிஞ்சிவிடும் என்பதால் குழந்தைகளுக்கான பண்டத்தில் அதை நான் சேர்ப்பதில்லை.

புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது சீனி எதற்கு என்ற கேள்வி எனக்கும் எழுந்தது. முதல் ஆண்டு வெல்லத்திலேயே செய்து பார்த்தேன். வெல்லத்தில் சீனியைத் தவிர வேறு பொருள்களும் கலந்திருப்பதால், பாகு நொறுங்கும் பதத்தை எட்டுவதற்கு முன்பே அடியில் கருகிக் கசந்தது. பூச்சும் மறுநாள் காலைக்குள் பிசுபிசுத்துப் போனது. அதிரசத்துக்கும் பாயசத்துக்கும் ஈடில்லாத அந்த வெல்லம் இந்த வேலைக்குப் பொருந்தாது.

காந்தலூர் ஆப்பிளின் பருவம் அக்டோபருக்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதனால் அப்போது உடுமலைச் சந்தையில் கிடைக்கும் வடநாட்டு ஆப்பிளையோ புளிப்பான பச்சை ஆப்பிளையோதான் நாட வேண்டும். பச்சை ஆப்பிள் சற்று விலை கூடுதல். ஆனாலும் பாகின் தித்திப்புக்கு அந்தப் புளிப்பு ஈடுகொடுப்பதால் நான் அதையே வாங்குகிறேன். உள்ளங்கையில் அடங்கும் அளவில், அடிபடாத, கெட்டியான பழமாகப் பொறுக்குங்கள். கடைப் பழத்தின் மீது மெழுகு பூசியிருப்பார்கள். அதன் மேல் பாகு ஒட்டாமல் வழுக்கும். கொதிக்கும் நீரில் பழத்தைப் பத்து விநாடி அமிழ்த்தி எடுத்து, கரடுமுரடான துணியால் தேய்த்தால் மெழுகு போய்விடும். பின்னர் காம்புக் குழியில் ஒரு சொட்டு நீரும் தங்காதபடி துடைத்து, இரண்டு மணி நேரம் உலர விடுங்கள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பழத்தை உடனே முக்கினால் அதன் மேல் நீர் பனித்து, பூச்சில் கொப்புளங்கள் தோன்றும்.

பிடிப்பதற்கு மூங்கில் குச்சி நன்று. அச்சமூட்டும் தோற்றத்துக்காக மரக்கிளையைச் செருக விரும்பினால், கொய்யாக் கிளையைக் கழுவி நன்கு உலர்த்திப் பயன்படுத்துங்கள். அரளி, கள்ளி ஆகியவற்றின் குச்சிகளை அறவே தொடக்கூடாது. அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. நம் பகுதியின் சந்தனக் காடு பாதுகாக்கப்பட்டது என்பதால், அங்கே ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்கக்கூடாது என்பதைக் குழந்தைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

அடிகனமான பாத்திரத்தில் சீனி, தண்ணீர், குளுக்கோஸ், நிறம் நான்கையும் சேர்த்து மிதமான தீயில் வைத்து, சீனி கரையும்வரை மட்டும் கிளறுங்கள். கொதி வந்த பிறகு கரண்டி போடக்கூடாது. பாத்திரத்தின் பக்கங்களில் ஒட்டிய சீனித் துகள் ஒன்று உள்ளே விழுந்தாலும் அதைப் பற்றிக்கொண்டு பாகு முழுவதும் மீண்டும் சீனித் துகளாகப் பூத்துவிடும். எனவே ஈரத் தூரிகையால் பக்கங்களைக் கழுவிவிட வேண்டும். குளுக்கோஸ் சேர்ப்பதும் இப்படிப் பூப்பதைத் தடுக்கத்தான். அது கிடைக்காவிட்டால் எலுமிச்சைச் சாறு சில துளிகள் விடலாம். ஆனால் புளிப்புப் பட்ட சீனி ஈரத்தைக் கூடுதலாக இழுக்கும் என்பதால், மழைநாளில் குளுக்கோஸே மேல்.

இனி பதம். சமையல் குறிப்புகள் கூறும் 149 முதல் 154 டிகிரி செல்சியஸ் என்ற அளவு கடல் மட்டத்து ஊர்களுக்கு உரியது. உயரம் 300 மீட்டர் கூடும்போது நீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறைகிறது. பாகின் பதமும் அதே அளவு இறங்கி வருகிறது. சுமார் 1500 மீட்டர் உயரத்திலுள்ள காந்தலூரில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிப்பதால், அங்கே 145ஐ ஒட்டியே பாகு தயாராகிவிடும். 150 வரை காத்திருந்தால் மிகையாக வற்றி, இரண்டு பழம் முக்குவதற்குள் இறுகிவிடும். வெப்பமானி வைத்திருப்போர் முதலில் கொதிநீரில் அதை வைத்து, 100க்கு எத்தனை டிகிரி குறைகிறதோ அத்தனையைக் குறிப்பின் அளவிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். வெப்பமானி இல்லாதோர் கவலைப்பட வேண்டியதில்லை. கடலை மிட்டாய்க்குப் பார்ப்பது போலவே, ஒரு துளிப் பாகைக் குளிர்ந்த நீரில் விட்டு எடுத்துப் பாத்திரத்தின் மேல் போட்டால் டங் என்று ஒலிக்க வேண்டும்; பல்லில் ஒட்டாமல் கண்ணாடி போல் உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் பதம் வரவில்லை. எந்த உயரத்திலும் பிழைபடாத இந்தச் சோதனையையே நான் நம்புகிறேன்.

பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, நுரை அடங்கும்வரை பொறுங்கள். பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து, பழத்தை ஒரு சுற்றுச் சுழற்றி எடுத்து, மிகுந்த பாகு வழிந்த பின் எண்ணெய் தடவிய தட்டில் வையுங்கள். இந்தப் பாகு கொதிநீரைவிடக் கொடியது. மேலே பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். ஆகவே குழந்தைகள் அடுப்பருகே நிற்கக்கூடாது. பட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய் நீரில் காட்டுங்கள். பற்பசையோ மையோ தடவாதீர்கள். கறுப்பு இறுகிய பின், சிறிதளவு சிவப்புப் பாகைக் காம்பருகே வழியவிட்டால் குருதி சொட்டுவது போலவே தோன்றும்.

ஆறியவுடன் ஒவ்வொன்றையும் கண்ணாடித்தாளில் இறுகச் சுற்றிக் கட்டுங்கள். அன்றைக்கே தின்று தீர்ப்பது இரண்டு காரணங்களால் நல்லது. மழைக்காற்றில் பூச்சு கசிந்துவிடும் என்பது ஒன்று. மற்றொன்று இதைவிடப் பெரிது: அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டு கேரமல் பூசிய ஆப்பிள்களால் லிஸ்டீரியா கிருமி பரவி, 12 மாநிலங்களில் 35 பேர் நோயுற்றனர், குச்சி குத்திய துளை வழியே கசியும் சாறு பூச்சுக்கும் தோலுக்கும் இடையே தங்கி, அறை வெப்பத்தில் கிருமி பெருக இடமளிக்கிறது என்று பின்னர் ஆய்வில் தெரியவந்தது. கருவுற்ற பெண்களுக்கும் முதியோருக்கும் இந்தக் கிருமி மிகவும் ஆபத்தானது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுப் பழமாகக் கொடுக்காமல், பூச்சை உடைத்து நீக்கி, பழத்தை மெல்லிய துண்டுகளாக நறுக்கித் தாருங்கள்.

பாத்திரத்தில் இறுகிப்போன பாகைச் சுரண்ட வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் தானாகக் கரைந்துவிடும்.